பிறந்த குழந்தையின் முகத்தில் தோன்றும் சிவப்பும் குறிகளும்

குழந்தை பிறந்ததும் தாயும் உறவினரும் முதலில் உற்றுநோக்குவது அதன் முகத்தையே. ஆனால் பிறந்த முதல் ஆறு வாரங்களில் முகத்தின் தோலைப் போல அடிக்கடி மாறும் உறுப்பு வேறில்லை எனலாம். இன்று காணும் செந்திட்டு நாளை இல்லை. நாளை மூக்கின்மேல் வெண்புள்ளிகள் தோன்றுகின்றன. மூன்றாவது வாரத்தில் கன்னங்களில் பருக்கள் கிளம்புகின்றன. இவற்றுள் மிகப் பெரும்பாலானவை எவ்விதச் சிகிச்சையுமின்றித் தாமாகவே மறைந்துவிடும். ஒரு சில மட்டும் உடலினுள் நிகழும் கோளாற்றின் வெளி அடையாளங்களாகும். காலம் தாழ்த்தினால் அவை குழந்தையின் பார்வையையோ உயிரையோ பறிக்கக் கூடும்.

இதில் இரு வகைத் தவறுகள் நேர்கின்றன. தீங்கற்ற குறியைக் கண்டு அஞ்சி, அதன்மேல் எண்ணெயும் மாவும் களிம்பும் தேய்த்துப் புண்ணாக்குவது ஒன்று. தீங்கான குறியைப் "பிறவி மச்சம்" என்று எண்ணி வாளாவிருப்பது மற்றொன்று. இவ்விரண்டையும் தவிர்க்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. குறி எப்போது தோன்றியது, எங்கே உள்ளது, விரலால் அழுத்தினால் மறைகிறதா, நாளுக்கு நாள் வளர்கிறதா, குழந்தை நன்கு பால் குடிக்கிறதா என்ற ஐந்து கேள்விகளே போதுமானவை. கிராமத்திலுள்ள ஆஷா பணியாளரும் துணைச் செவிலியரும் இக்கேள்விகளைக் கேட்டு விடை காண இயலும்.

இந்தியாவில் 2020-ஆம் ஆண்டு மாதிரிப் பதிவு முறையின்படி, உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 20 குழந்தைகள் முதல் 28 நாட்களுக்குள் இறந்தன. இத்தகைய இறப்புகளுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு முதல் வாரத்திலேயே நிகழ்கின்றன. 2014-இல் வகுக்கப்பட்ட இந்தியப் பச்சிளங்குழந்தைச் செயல்திட்டம், 2030-ஆம் ஆண்டுக்குள் இந்த விகிதத்தை ஒற்றை இலக்கத்திற்குக் குறைக்க வேண்டும் என்று இலக்கு வகுத்துள்ளது. நோயின் தொடக்கத்தை வீட்டிலேயே கண்டறிவது இவ்விலக்கை அடைவதற்கு இன்றியமையாதது. கண்ணுக்கு எளிதில் புலப்படும் தோலை அறிந்து நோக்குவது அதன் ஒரு பகுதியாகும்.

பச்சிளந்தோலின் இயல்பு

கருப்பையில் நீரால் சூழப்பட்டிருந்த தோல், பிறந்த கணத்தில் உலர்ந்த காற்றை எதிர்கொள்கிறது. பிறக்கும்போது அதன்மேல் படிந்திருக்கும் வெண்மெழுகு போன்ற பூச்சு அழுக்கன்று. தோல் உலராமலும் கிருமிகள் எளிதில் தாக்காமலும் காக்கும் இயற்கைப் போர்வை அது. எனவேதான் பிறந்த குழந்தையை முதல் 24 மணி நேரத்திற்குக் குளிப்பாட்ட வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. உடல் குளிர்ந்துபோகாமல் இருக்கவும் இது உதவுகிறது.

பச்சிளங்குழந்தையின் இரத்தத்தில் சிவப்பணுக்கள் மிகுதி. வளர்ந்த பெண்ணுக்கு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 12 கிராம் அளவுக்குக் குறையாமல் ஹீமோகுளோபின் இருந்தால் போதுமெனில், பிறந்த குழந்தைக்கு அது பொதுவாக 16 முதல் 18 கிராம் வரை இருக்கும். தோல் மெல்லியது, அதனடியிலுள்ள நுண்குழாய்களைச் சுருக்கி விரிக்கும் நரம்புக் கட்டுப்பாடும் இன்னும் முதிரவில்லை. ஆகவே அழும்போது முகம் கடுஞ்சிவப்பாவதும், குளிரில் கைகால்கள் சற்று நீலம் பாய்வதும் இயல்பே. ஆனால் உதடும் நாக்கும் நீலமாக இருப்பின் அது இயல்பன்று. உடனடி மருத்துவ உதவி தேவை.

தாயின் உடலிலிருந்து நஞ்சுக்கொடி வழியாக வந்த ஹார்மோன்கள் சில வாரங்கள் வரை குழந்தையின் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டுகின்றன. மூக்கின் மேலும் கன்னங்களிலும் காணப்படும் பல மாற்றங்களுக்கு இதுவே அடிப்படை.

மாநிறத் தோலில் சிவப்பைக் காண்பது எப்படி?

தோல் மருத்துவ நூல்களில் உள்ள படங்களும் வருணனைகளும் நெடுங்காலமாகப் பெரும்பாலும் வெண்ணிறத் தோலை அடிப்படையாகக் கொண்டவை. "இளஞ்சிவப்பு", "செந்நிறம்" என்று அந்நூல்கள் கூறும் குறி, மாநிறத் தோலில் கருஞ்சிவப்பாகவோ, பழுப்பாகவோ, சுற்றுப்புறத்தைவிடச் சற்றுக் கருத்த திட்டாகவோ தோன்றும். கருமை மிகுந்த தோலில் நிறமாற்றமே புலப்படாது போகலாம். அப்போது புறங்கையால் தொட்டு வெப்பத்தையும், விரல் நுனியால் தடவி வீக்கத்தையும் அறிவதே வழி. இக்குறையை உணர்ந்து, 2020-ஆம் ஆண்டில் லண்டனில் மருத்துவ மாணவராக இருந்த மலோன் முக்வெண்டே என்பவர் தம் ஆசிரியர்களுடன் இணைந்து, கருநிற, மாநிறத் தோல்களில் நோய்க்குறிகள் எவ்வாறு தோன்றும் என்பதை விளக்கும் கையேடு ஒன்றை வெளியிட்டார். இந்தியாவில் பணிபுரியும் செவிலியருக்கும் இப்பார்வை மிகவும் தேவை.

நடைமுறையில் மூன்று விதிகள் உதவும். முதலாவது, குழந்தையைச் சன்னலருகே பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மஞ்சள் விளக்கொளியில் மஞ்சள் காமாலை மறைந்துவிடும். இரண்டாவது, குறியின்மேல் விரலால் மென்மையாக அழுத்தி எடுக்க வேண்டும். இரத்தக்குழாய் விரிவதால் உண்டான சிவப்பு ஒரு கணம் மறைந்து மீண்டும் வரும். குழாயிலிருந்து வெளியே கசிந்த இரத்தத்தால் உண்டான புள்ளி மறையாது. மூன்றாவது, கண்ணின் வெண்பகுதி, வாயின் உட்புறம், உள்ளங்கை, உள்ளங்கால் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். தோலின் நிறம் எதுவாயினும் இவ்விடங்களில் மாற்றம் தெளிவாகத் தெரியும்.

முதல் நாள்: பிறப்பின் சுவடுகள்

பிறந்தவுடன் காணும் வீக்கம், கன்றல், கீறல் ஆகியன பெரும்பாலும் பிரசவத்தின் அழுத்தத்தால் நேர்பவை. முகம் முன்வந்து பிறந்த குழந்தையின் உதடும் இமையும் வீங்கிக் கன்றியிருக்கும். ஆயுதப் பிரசவத்தில் கன்னத்தில் வளைந்த தடம் காணப்படலாம். கொப்பூழ்க்கொடி கழுத்தைச் சுற்றியிருந்தாலோ, பிரசவம் மிக விரைவாக நிகழ்ந்தாலோ, முகத்தில் மட்டும் ஊசிமுனை போன்ற செம்புள்ளிகள் நிறையத் தோன்றும். கண்ணின் வெண்பகுதியில் சிறு இரத்தக்கசிவும் இருக்கலாம். இவை சில நாட்கள் முதல் இரண்டு வாரங்களுக்குள் மறையும்.

இங்குக் கவனிக்க வேண்டியவை இரண்டு. புள்ளிகள் முகத்தோடு நில்லாமல் மார்பு, வயிறு, கால்கள் எனப் பரவினாலோ, புதிது புதிதாகத் தோன்றினாலோ, இரத்தத் தட்டணுக் குறைவும் கிருமித் தொற்றும் உள்ளனவா என்று மருத்துவர் ஆராய வேண்டும். அடுத்ததாக, பெரிய கன்றலில் தேங்கிய இரத்தம் சிதையும்போது பிலிரூபின் என்ற மஞ்சள் நிறப்பொருள் கூடுதலாக உண்டாகிறது. எனவே முகம் கன்றிப் பிறந்த குழந்தைக்குக் காமாலை கடுமையாக வரும் வாய்ப்பு உண்டு என்பதை நினைவிற்கொண்டு, அதனை வழக்கத்தினும் நெருக்கமாகக் கண்காணிக்க வேண்டும். பிறந்த 24 மணி நேரத்திற்குள் தோன்றும் மஞ்சள் நிறமும், உள்ளங்கை, உள்ளங்கால் வரை பரவிய மஞ்சள் நிறமும் எந்நாளும் அபாயக்குறிகளே.

இரண்டாம் நாள் முதல் ஏழாம் நாள் வரை

நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு, பெரும்பாலும் இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில், முகத்திலும் உடலிலும் செந்திட்டுகள் திடீரெனத் தோன்றுகின்றன. ஒவ்வொரு திட்டின் நடுவிலும் மஞ்சள் கலந்த வெண்ணிறச் சிறு முனை ஒன்று இருக்கும். கொசு கடித்தாற்போன்ற இத்திட்டுகள் ஓரிடத்தில் மறைந்து மற்றோரிடத்தில் தோன்றும். மருத்துவத்தில் "எரித்திமா டாக்சிகம்" என்று இதற்குப் பெயர். "டாக்சிகம்" என்ற சொல் நஞ்சைக் குறிப்பதாயினும், இதில் நஞ்சும் இல்லை, கிருமியும் இல்லை. வெண்முனையிலுள்ள நீரை நுண்ணோக்கியில் பார்த்தால் இயோசினோபில் எனும் வெள்ளணுக்களே காணப்படும். இரண்டு வாரங்களுக்குள் எவ்வித மருந்துமின்றி இது தணிந்துவிடும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இது பொதுவாகத் தோன்றுவதில்லை. அவ்விடங்களில் கொப்புளம் அல்லது தோலுரிதல் காணப்பட்டால், பிறவிச் சிபிலிஸ் போன்ற வேறு நோய்களை எண்ண வேண்டும்.

மூக்கு, கன்னம், மோவாய் ஆகிய இடங்களில் குறுநொய் அளவில் காணப்படும் கெட்டியான வெண்புள்ளிகள் "மிலியா" எனப்படும். தோலின் மேலடுக்கில் கெரட்டின் என்ற புரதம் சிறு பையில் அடைபட்டிருப்பதே இதற்குக் காரணம். ஏறத்தாழப் பாதிக் குழந்தைகளுக்கு இது உண்டு. சில வாரங்களில் தானே உதிர்ந்துவிடும். இவற்றைச் சீழ் என்று கருதி நகத்தால் கிள்ளி எடுப்பது, இல்லாத தொற்றை வரவழைப்பதாகும்.

கோடையில் பிறக்கும் குழந்தைகளுக்கு வேர்க்குரு மற்றொரு சிக்கல். காற்றுப் படக்கூடாது என்ற எண்ணத்தால் வைகாசி வெயிலிலும் குழந்தையைக் கம்பளியில் பொதிந்து, மூடிய அறையில் வைத்தால், வியர்வைத் துளைகள் அடைபட்டு நெற்றியிலும் கழுத்திலும் சிறு குருக்கள் கிளம்பும். மெல்லிய பருத்தித் துணியும் காற்றோட்டமுமே இதற்கு மருந்து. டால்கம் பவுடரைத் தூவுதல் பயன் தராது. அதன் நுண்தூள் மூச்சுக்குழாயில் சென்று தீங்கு செய்யும்.

இரண்டாம் வாரம் முதல் ஆறாம் வாரம் வரை

இக்காலத்தில் சில குழந்தைகளின் கன்னத்திலும் நெற்றியிலும் பருக்களைப் போன்ற சிவந்த குருக்களும் சிறு சீழ்முனைகளும் தோன்றுகின்றன. தாயிடமிருந்து வந்த ஹார்மோன்களின் தூண்டுதலும், தோலில் இயல்பாக வாழும் மலசீசியா என்ற ஈஸ்டு வகையும் இதற்குத் தொடர்புடையவை. மூன்று, நான்கு மாதங்களுக்குள் தழும்பின்றி இது மறையும். தாய் உண்ட உணவோ தாய்ப்பாலின் "சூடோ" இதற்குக் காரணமன்று. இதற்காகத் தாய்ப்பாலை நிறுத்துவது பெருந்தவறு.

புருவத்திலும் உச்சந்தலையிலும் மஞ்சள் நிறச் செதில்கள் படிவதும் இப்பருவத்தில் வழக்கம். அதுவும் தானே சரியாகக் கூடியதே. ஆனால் கண்களைச் சுற்றி வளையம் போன்ற செந்திட்டுகள் தோன்றி, இதயத் துடிப்பு மிகவும் மெதுவாக இருந்தால், தாயின் இரத்தத்திலுள்ள சில எதிர்ப்பொருள்கள் குழந்தையைப் பாதித்திருக்கலாம். அரிதான இந்நிலையில் இதயப் பரிசோதனை தேவை.

பிறவியிலேயே அமைந்த கறைகள்

இரு வேறு பிறவிக் கறைகளைப் பலரும் ஒன்றாகக் கருதிவிடுகின்றனர். முதலாவது, நெற்றியின் நடுவிலும் மேலிமைகளிலும் பிடரியிலும் காணப்படும் மங்கலான செந்திட்டு. இது முகத்தின் நடுக்கோட்டை ஒட்டியோ, இருபுறமும் ஒத்த இடங்களிலோ அமையும். அழும்போது அடர்ந்தும் உறங்கும்போது மங்கியும் காணப்படும். முகத்திலுள்ளவை ஒன்று, இரண்டு ஆண்டுகளில் மறையும். பிடரியிலுள்ளது வாழ்நாள் முழுவதும் இருக்கக் கூடும், ஆனால் தீங்கற்றது.

இரண்டாவது, போர்ட்-ஒயின் கறை எனப்படுவது. ஆயிரம் குழந்தைகளுள் ஏறத்தாழ மூவருக்கு இது காணப்படுகிறது. பெரும்பாலும் முகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும், நடுக்கோட்டில் வெட்டினாற்போல நின்றுவிடும். பிறந்த நாளிலிருந்தே இருக்கும்; மறைவதில்லை. குழந்தையின் வளர்ச்சிக்கேற்பப் பரந்து, வயது ஏறஏற அடர்ந்து தடித்துவிடும். இக்கறை நெற்றியிலும் மேலிமையிலும் அமைந்திருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அதே பக்கத்தில் கண்ணின் அழுத்தம் உயரும் கிளாக்கோமா நோயும், மூளை உறையிலுள்ள இரத்தக்குழாய்க் கோளாற்றால் வலிப்பும் சேர்ந்து வரக்கூடும். ஸ்டர்ஜ்-வெபர் நோய் என இதற்குப் பெயர். கண்மணி பெரிதாகவோ மங்கலாகவோ தோன்றுதல், வெளிச்சத்தில் கண் கூசி நீர் வடிதல் ஆகியவை கண்ணழுத்தத்தின் அடையாளங்கள். அவை தோன்றும்வரை காத்திராமல், இத்தகைய கறையுடன் பிறந்த குழந்தையை முதல் வாரங்களிலேயே கண் மருத்துவரிடம் காட்டுவது முறை. கறையை மங்கச்செய்யும் லேசர் சிகிச்சை பெரிய மருத்துவமனைகளில் உண்டு. இளம் வயதில் தொடங்கினால் பயன் அதிகம்.

ஜிஎன்ஏக்யூ எனும் மரபணுவில் ஏற்படும் மாற்றமே இக்கறைக்குக் காரணம் என 2013-இல் கண்டறியப்பட்டது. கரு உருவான பின்னர் ஏதோ ஓர் உயிரணுவில் தற்செயலாக நிகழ்வது இம்மாற்றம், பெற்றோரிடமிருந்து வருவதன்று. கிரகணத்தின்போது தாய் வெளியே வந்தாள், கத்தியைத் தொட்டாள் என்றெல்லாம் பழி சுமத்துவோருக்கு அறிவியல் தரும் விடை இதுவே. முகத்தில் கறையுள்ள பெண் குழந்தையைப் பெற்ற தாய்க்கு, மருந்தைவிட முதலில் தேவைப்படுவது குற்ற உணர்விலிருந்து விடுதலை. அதைத் தருவதும் சுகாதாரப் பணியின் ஒரு பகுதியே.

வளரும் குறி

பிறக்கும்போது இல்லாமலோ வெறும் மங்கிய புள்ளியாகவோ இருந்து, சில வாரங்களில் கொழுகொழுவென்று செஞ்சிவப்பாக எழும்பும் கட்டி ஹீமாஞ்சியோமா ஆகும். நூறு குழந்தைகளுள் நான்கைந்து பேருக்கு இது உண்டாகிறது. பெண் குழந்தைகளிடமும், குறைமாதத்தில் எடை குறைந்து பிறந்தவர்களிடமும் மிகுதி. இரத்தக்குழாய்களின் உள்வரி அணுக்கள் பெருகுவதால் உண்டாகும் இக்கட்டி, புற்றுநோய் அன்று. ஐந்தாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரை இதன் வளர்ச்சி மிக விரைவு. பல மாதங்கள் வளர்ந்தபின் மெல்லச் சுருங்கத் தொடங்கி, பெரும்பாலும் நான்கு வயதளவில் அடங்கிவிடும்.

"தானே அடங்கும்" என்பதைக் கேட்டு எல்லாவற்றையும் விட்டுவிடலாகாது. இங்கே இடமே முதன்மையானது. இமைமேல் வளரும் கட்டி கண்ணை மறைத்தால், அக்கண்ணிலிருந்து மூளைக்குப் படிமம் செல்லாமல் பார்வையே வளராது போகும். பின்னர் கட்டி மறைந்தாலும் பார்வை திரும்பாது. மூக்கு நுனியிலும் உதட்டிலும் உள்ளவை புண்ணாகி முகத்தைச் சிதைக்கும். தாடி முளைக்கும் பகுதியில் பரந்து காணப்படுவது, குரல்வளையினுள்ளும் கட்டி உள்ளதைக் குறிக்கலாம்; அக்குழந்தையின் மூச்சில் கரகரப்பு ஒலிக்கும். உடலில் ஐந்தோ அதற்கு மேலோ கட்டிகள் இருந்தால் கல்லீரலையும் ஒலியலைப் படத்தால் பார்க்க வேண்டும்.

இதற்கான சிகிச்சையில் 2008-ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனை. பிரான்சின் போர்டோ நகர மருத்துவர்கள், ஹீமாஞ்சியோமா உள்ள குழந்தைக்கு இதயச் சிக்கலுக்காக புரோபிரனலால் என்ற பழைய மருந்தைக் கொடுத்தபோது, கட்டி நிறம் மாறிச் சுருங்கக் கண்டனர். அதுவரை ஸ்டீராய்டுகளையே நம்பியிருந்த சிகிச்சை முறை அதன்பின் மாறிற்று. இம்மருந்து விலை மலிவானதே. ஆயினும் இதயத்துடிப்பையும் இரத்தச் சர்க்கரையையும் தாழ்த்தக் கூடியதாகையால், மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே கொடுக்கத் தக்கது. கட்டி விரைந்து வளருமுன் தொடங்கினால்தான் முழுப்பயன் கிடைக்கும். அபாயமான இடத்திலுள்ள கட்டியைக் குழந்தைக்கு ஒரு மாதம் நிறைவதற்குள் நிபுணரிடம் அனுப்ப வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

உடனே அனுப்ப வேண்டியவை

தோலில் சீழ்க்கொப்புளங்கள் இருந்தால் எண்ணிப் பார்க்க வேண்டும். பத்துக்கும் குறைவாக இருந்து குழந்தை நன்றாக இருப்பின் அது ஓரிடத் தொற்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிகிச்சை பெற்று, தொடர்ந்து கண்காணிக்கலாம். பத்தும் அதற்கு மேலும் இருந்தாலோ பெரிய கட்டி ஒன்று இருந்தாலோ, கடுந்தொற்று என்று கொண்டு உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்பது, இந்தியாவில் பின்பற்றப்படும் ஒருங்கிணைந்த குழந்தை நோய் மேலாண்மை முறையின் விதி. நீர்க்கொப்புளங்கள் கொத்தாகத் தோன்றினால் ஹெர்பிஸ் தொற்றாக இருக்கலாம். அது மூளையைத் தாக்கும் முன் மருந்து தொடங்க வேண்டும்.

குறி எதுவாயினும், குழந்தை பால் குடிக்க மறுத்தல், துவண்டு கிடத்தல், தொட்டால் சுடுதல் அல்லது குளிர்ந்திருத்தல், நிமிடத்திற்கு 60 முறையோ அதற்கு மேலோ மூச்சு விடுதல், விலா உள்வாங்குதல், வலிப்பு ஆகியவற்றுள் ஒன்று சேர்ந்திருந்தாலும் தாமதம் கூடாது. தோல் எவ்வளவு சிவந்திருந்தாலும் நன்கு பால் குடித்து உறங்கும் குழந்தை பெரும்பாலும் நலமுடையது. தோல் தெளிவாக இருந்தாலும் பால் குடியாத குழந்தை நோயுற்றது.

தீங்கு செய்யும் பழக்கங்கள்

குழந்தையின் முகத்து மயிரையும் புள்ளிகளையும் நீக்கவும், நிறத்தை வெளுப்பாக்கவும், நாட்டின் பல பகுதிகளில் கடலை மாவையும் மஞ்சளையும் குழைத்துத் தேய்க்கின்றனர். அம்மயிர் சில வாரங்களில் தானே உதிர்வது. நிறமோ தேய்ப்பதால் மாறுவதன்று. மெல்லிய தோல் கீறுண்டு கிருமி நுழைய வழி திறப்பதே இதன் பலன். வடமாநிலங்களில் பெரிதும் வழங்கும் கடுகு எண்ணெய், தோலின் காப்புத் திறனைக் குறைக்கும் என ஆய்வுகள் காட்டியுள்ளன. கண்மையில் ஈயம் கலந்திருக்கக் கூடும். அதனைத் தீட்டும் விரல் கண்ணுக்குத் தொற்றையும் கொண்டு சேர்க்கும். திருஷ்டிப் பொட்டு வைத்தே தீர வேண்டும் என்னும் குடும்பத்தாரிடம், அதைக் கண்ணில் வேண்டாம், உள்ளங்காலில் வையுங்கள் என்று சொன்னால் ஏற்றுக்கொள்வர்.

புதிய பழக்கம் ஒன்று பழையவற்றினும் கொடியது. மருந்துக்கடையில் "சொறிக்கு" என்று கேட்டு வாங்கும் கூட்டுக் களிம்புகள் பலவற்றில் வீரியமிக்க ஸ்டீராய்டு அடங்கியுள்ளது. பச்சிளந்தோல் அதனை எளிதில் உறிஞ்சிக்கொள்ளும்; தோல் மெலிந்துபோவதோடு உடல் வளர்ச்சியும் பாதிக்கப்படும். 2018-இல் மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டுக் களிம்புகள் பலவற்றை மருத்துவரின் சீட்டின்றி விற்கக்கூடாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. ஆணை செயலில் வர, கடைக்காரரும் மக்களும் அதன் காரணத்தை உணர வேண்டும்.

வீடு தேடிச் செல்லும் பணி

மகாராஷ்டிர மாநிலம் கட்சிரோலி மாவட்டத்தில் டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் ஆகியோர் நிறுவிய "சர்ச்" அமைப்பு, 39 கிராமங்களில் பயிற்சி பெற்ற கிராமப் பெண்களைக் கொண்டு பச்சிளங்குழந்தைகளை வீட்டிலேயே பராமரிக்கும் முறையைச் சோதித்தது. அங்குப் பச்சிளங்குழந்தை இறப்பு, ஒப்பீட்டுக் கிராமங்களை நோக்க, 62 சதவீதம் குறைந்ததாக 1999-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. இவ்வனுபவத்தின் ஒளியில், 2005-இல் தொடங்கிய தேசிய ஊரகச் சுகாதார இயக்கத்தின் ஆஷா பணியாளர்கள் வாயிலாக, 2011-இல் வீட்டுமுறைப் பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு நாடெங்கும் மேற்கொள்ளப்பட்டது. மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் ஆஷா சென்று பார்க்கிறார். வீட்டில் பிறந்த குழந்தைக்கு முதல் நாளும் சேர்கிறது. அவர் நிரப்பும் படிவத்தில் சீழ்க்கொப்புளம், தோல் மடிப்பில் வெடிப்பு அல்லது சிவப்பு, மஞ்சள் காமாலை ஆகியவை உள்ளனவா என்ற கேள்விகள் இடம்பெற்றுள்ளன.

இந்நாட்களையும் மேலே கூறிய மாற்றங்களையும் ஒப்பிட்டால் அரியதொரு பொருத்தம் புலப்படும். மூன்றாம் நாள் சென்றால் செந்திட்டுகளையும் காமாலையையும் பிரித்தறியலாம். 21-ஆம், 28-ஆம் நாட்களில் பருக்களைப் பற்றித் தாயின் கவலையைப் போக்கலாம். முளைக்கும் ஹீமாஞ்சியோமாவையும் காணலாம். 42-ஆம் நாள் அக்கட்டி விரைந்து வளரும் காலத்தின் நடுவில் அமைகிறது; ஆறாம் வாரத் தடுப்பூசிக்காகக் குழந்தை சுகாதார நிலையத்திற்கு வரும் சமயமும் அதுவே. முந்தைய வருகையில் கறை மூடிய நெல்மணி அளவே இருந்தது, இப்போது புளியங்கொட்டை அளவாயிற்று என்று ஒப்பிட்டுச் சொல்ல, ஒரே பணியாளர் தொடர்ந்து பார்ப்பதைவிடச் சிறந்த வழியில்லை. 2018-இல் தொடங்கிய இளங்குழந்தை வீட்டுப் பராமரிப்புத் திட்டம் மூன்றாம் மாதம் முதல் பதினைந்தாம் மாதம் வரை இத்தொடர்பை நீட்டிக்கிறது.

2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம், பிறவிக் குறைகள் உள்ளிட்ட பல நிலைகளைக் கண்டறிந்து, மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களுக்கு அனுப்ப வகைசெய்கிறது. அதன் பட்டியலில் பிறவிக்குறைகளாக உதட்டுப் பிளவு, பிறவிக் கண்புரை, இதயக் கோளாறு முதலிய ஒன்பது இடம்பெற்றுள்ளன. முகக்கறையும் ஹீமாஞ்சியோமாவும் அவற்றுள் தனியே பெயர் சுட்டப்படவில்லை. ஆயினும் கண்ணையும் மூச்சையும் அச்சுறுத்தும் குறியை அம்மையத்திற்கோ மாவட்ட மருத்துவமனைக்கோ அனுப்ப எந்தத் தடையும் இல்லை. 2011-இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்கீழ், நோயுற்ற குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சையும் மருந்தும் போக்குவரத்தும் இலவசம். இதனைத் தாய்க்கு எடுத்துரைக்காத பரிந்துரைச் சீட்டு வெறும் காகிதமாகவே நின்றுவிடும்.

செய்யத்தக்கவை

பயிற்சிக் கையேடுகளில் மாநிறக் குழந்தைகளின் படங்கள் இடம்பெற வேண்டும். பிரசவ அறையை விட்டுத் தாய் வீடு செல்லுமுன், குழந்தையின் முகத்திலுள்ள குறிகளைத் தாய்-சேய் அட்டையில் இடமும் அளவும் குறித்து எழுதினால், பின்னர் வருவோர் வளர்ச்சியை அளக்க அதுவே அளவுகோலாகும். எந்தக் குறி தானே மறையும் என்பதை அப்போதே தாயிடமும் பாட்டியிடமும் கூறிவிட்டால், களிம்புக்கும் மாவுக்கும் இடமிராது.

இவற்றுக்குப் பெரும் நிதி தேவையில்லை. நூறு குழந்தைகளுள் தொண்ணூறுக்கு மேற்பட்டோரின் தாய்மாரிடம் "ஒன்றும் செய்ய வேண்டாம், தாய்ப்பால் கொடுங்கள்" என்று உறுதியுடன் சொல்லவும், எஞ்சிய சிலரை உரிய நாளில் உரிய இடத்திற்கு அனுப்பவும், பகல் வெளிச்சமும் பயிற்சி பெற்ற கண்ணும் குறித்த நாளில் தவறாத வருகையுமே வேண்டும்.